பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்த பனி

கரியாலூர்,
19.8.2025

செழியனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை.

போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். போனில் நீ சிரிப்பாய். "வுடுக்கா, ஆனது ஆய்ப்போச்சு" என்பாய். நான் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். சின்ன வயதிலிருந்து இப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறாய். அதனால் உன் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டேன். காகிதத்தில் சிரிக்க முடியாது. பதிலை எழுது.

நடந்ததைத் தேதியோடு எழுதுகிறேன். பிறகு, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று நீ சொல்லக்கூடாது.

ஜூலை 6, ஞாயிறு. சென்னையில் ஐஸ் ஸ்கேட்டிங் எங்கே பழகலாம் என்று உன்னைக் கேட்டேன். என் மகள் தமிழ்மொழி கள்ளக்குறிச்சி விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளை. அரிசி ஆலைக் களத்தில், நெல் கொட்டிக் காயவைக்கும் முன்னால், விடியற்காலையில் சக்கரக் காலணி ஓட்டிப் பழகி மாவட்டத்தில் முதலாவதாக வந்தவள். பனியில் ஓடுகிற மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், சக்கரத்தில் ஓடுகிறவர்களும் வரலாம், பனித்தளத்தில் இருபது மணி நேரம் பழகியதற்குச் சான்று மட்டும் வேண்டும் என்று அவளுடைய பயிற்சியாளர் சின்னதுரை சார் சொன்னார். நீ என்ன சொன்னாய்? "வேற எங்கியும் போவ வேணாங்கா. நம்ம எடம் இருக்க சொல்ல இன்னாத்துக்கு அலையணும்?"

ஆகஸ்ட் 1 முதல் 10 வரை உன் வீட்டில் தங்கி, நீ வேலை செய்கிற அந்த மாலில் பழகினாள். 12ஆம் தேதி தேர்வு. தடுப்பூசி முகாம் இருந்ததால் என்னால் வர முடியவில்லை. நீதான் கூட்டிப் போனாய். இரண்டாவது சுற்றின் வளைவில் கால் பக்கவாட்டில் வழுக்கி, தடுப்புப் பலகையில் போய் மோதினாள். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. தேர்வு நடந்த இடத்திலேயே அவளுடைய காலணியைக் கையில் எடுத்து, அதன் அடியில் இருந்த கத்தியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்த சின்னதுரை சார் எனக்குப் போன் செய்தார். "இன்னாம்மா இது, வாழப்பழங்கூட நறுக்காது போலகீது" என்றார். அன்று எனக்கு அது புரியவில்லை.

நேற்று அவளுடைய பையைப் பிரித்துத் துணி துவைத்தேன். மூன்று கால்சட்டையின் மடிப்பிலும் வெள்ளைத் தூள். தேங்காய்த் துருவலைவிடச் சன்னம். பஸ்ஸில் எட்டரை மணி நேரம், என் வீட்டு மூலையில் ஐந்து நாள். உருகவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து அடுப்பில் போட்டேன். பிளாஸ்டிக் குடம் எரிகிற நாற்றம் வந்தது.

என் மகளைப் பனியில் இறக்கினாயா, இல்லையா? ஒரு வரி போதும்.

ஜெயசுதா

*

சென்னை,
23.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

செழியன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். பேனாவைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும், பொறுத்துக்கொள். போஸ்ட் ஆபீசில் தபால் உறை கேட்டதற்கு அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆருக்கு சார், கோர்ட்டுக்கா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

நீ அடுப்பில் போட்டுப் பார்த்ததைப் படித்துவிட்டுச் சிரித்தேன். மன்னித்துவிடு. அது செயற்கைப் பனி, அக்கா. உலகம் முழுக்க இருக்கிறது. குளிர் நாடுகளில்கூடக் கோடைக்காலத்தில் அதில்தான் பழகுகிறார்கள். காலில் போடுவது அதே காலணி, அடியில் அதே கத்தி. வாசலில் இருக்கிற பலகையிலும் ஐஸ் என்றுதான் போட்டிருக்கிறது. நான் போட்ட பலகை இல்லை அது.

தேர்வு நடந்த இடத்திலேயே பழகியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். அது போரூர் தாண்டி இருக்கிறது. அங்கே தேர்வுக்கு மட்டும்தான் விடுவார்கள். வெளியாட்களைப் பழக விட மாட்டார்கள். விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

விழாமல் யார் கற்றுக்கொண்டார்கள்? களத்தில் அவள் விழாத நாளா? சின்னதுரை சாருக்குச் சக்கரம்தான் தெரியும், பனியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அவர் சொல்வதை வைத்துக்கொண்டு என்னைக் கூண்டில் ஏற்றாதே. பத்து நாளும் பிள்ளையை என் பிள்ளைபோலத்தான் பார்த்துக்கொண்டேன். காலையில் அவளுக்கு இட்லி, எனக்குப் பழையது. கேட்டுப் பார்.

கள்ளக்குறிச்சி வருகிற பையனிடம் ஆப்பிள் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல். கோபம் தீர்ந்ததும் என் நம்பரைத் திறந்துவிடு.

உன் தம்பி,
செழியன்

*

கரியாலூர்,
30.8.2025

செழியனுக்கு,

ஆப்பிளை அங்கன்வாடியில் கொடுத்துவிட்டேன்.

ஒரு வரி கேட்டேன். ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் அந்த ஒரு வரி இல்லை.

சின்னதுரை சார் செவ்வாய்க்கிழமை சென்னைக்குப் போய் வந்தார். அவர் சொந்தக் காசில், சொந்த விடுப்பில் போனார். தேர்வு நடந்த இடம் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் இறங்கலாம். வெளியூர்ப் பிள்ளைகள் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். உன்னுடைய மாலில் இருந்து அவர் போன ஆட்டோவின் மீட்டர்படி பதினான்கு கிலோமீட்டர். விசாரித்துவிட்டுச் சொன்னேன் என்று எழுதினாயே, யாரிடம் விசாரித்தாய்? பெயரைச் சொல்.

உன்னுடைய இடத்தையும் பார்த்திருக்கிறார். வெள்ளைப் பலகைகளைப் பல்லுக்குப் பல் கோத்துத் தரையில் போட்டு, வழுக்குவதற்குக் கிளிசரின் தெளிக்கிறார்கள். அதில் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு அடிக்கும் உந்தித் தள்ள வேண்டும். அந்தப் பலகை கத்தியின் முனையைத் தின்றுவிடுமாம். பத்து நாள் அதில் மழுங்கிய கத்தியோடு, அந்தத் தள்ளுகிற பழக்கத்தோடு, நிஜப் பனியில் கொண்டுபோய் விட்டிருக்கிறாய். வழுக்காமல் என்ன செய்யும்?

இதைவிடப் பெரிய சங்கதி இருக்கிறது. பனிச்சறுக்குச் சங்கத்திலிருந்து நேற்று பதிவுத் தபால் வந்தது. தேர்வுக் குழுவில் ஒருவருக்கு உன் இடத்தைப் பற்றித் தெரிந்திருக்கிறது. அதில் உள்ளபடியே எழுதுகிறேன்: "பனித்தளத்தில் இருபது மணி நேரம் பயிற்சி பெற்றதாகத் தாங்கள் அளித்த சான்று உண்மைக்குப் புறம்பானது எனத் தெரிய வருகிறது. செப்டம்பர் 15க்குள் விளக்கம் அளிக்கத் தவறினால் இரண்டு ஆண்டுகளுக்கு எந்தத் தேர்விலும் கலந்துகொள்ள இயலாது."

அந்தச் சான்றில் கையெழுத்து உன்னுடையது. முத்திரை உன் இடத்தினுடையது. பொய் சொன்னவள் என்று பெயர் வாங்கியிருப்பது பதினாறு வயதுப் பிள்ளை. அவளுக்கு நவம்பரில் இன்னொரு தேர்வு இருக்கிறது. அதற்குள் கை கூடிவிடும். சங்கம் கதவை மூடிவிட்டால் பதினெட்டு வயதுக்குக் கீழே ஓடுகிற பிரிவில் அவள் இனி ஓடவே முடியாது.

நீ சங்கத்துக்கு எழுத வேண்டும். பிளாஸ்டிக் பலகையைப் பனி என்று சான்று கொடுத்தது நான்தான் என்று எழுத வேண்டும். 15ஆம் தேதிக்குள். முகவரியைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

நாங்கள் புது வீடு புகுந்தபோது பந்தியில் உட்கார்ந்து நீ பேசியது நினைவிருக்கிறதா? "எங்க எடத்துல வருஷம் பூரா பனிதான், மே மாசங்கூட சொட்டர் போட்டுக்கினுதான் நிப்பேன்" என்றாய். ஊரே வாய் பிளந்து கேட்டது. நானும் கேட்டேன்.

ஜெயசுதா

*

சென்னை,
4.9.2025

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்த முறை சிரிக்கவில்லை.

நீ கேட்ட ஒரு வரி: இல்லை. அவளைப் பனியில் இறக்கவில்லை. போதுமா?

இனி நான் சொல்வதை நீ கேள். நான் அந்த இடத்தின் மேனேஜர் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. வருகிற பிள்ளைகளின் காலுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து காலணி நாடா கட்டுகிற ஆள் நான். மாலையில் பலகையைக் கூட்டி அந்த வெள்ளைத் தூளை அள்ளுவதும் நான்தான். ஆறு வருடம். முட்டி இரண்டும் காய்த்துப்போய் கிடக்கிறது. எனக்கு மேலே இருப்பவனுக்கு இருபத்தைந்து வயது. என்னை "தலைவரே" என்பான், மரியாதைக்கு இல்லை.

மேனேஜர் என்று முதலில் சொன்னது நான் இல்லை, நீ. ஸ்கேட்டிங் பண்ணுகிற இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றுதான் நான் சொன்னேன். சங்கராபுரத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில், அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே, "தம்பி மேனேஜருங்க, ஏசிலயே வேல" என்றாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து மறுத்திருக்கலாம். நீ அப்படி ஒரு சந்தோஷமாகச் சொன்னாய். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் மேனேஜராகத்தான் வர வேண்டியிருந்தது. பந்தியில் பேசியது அந்த மேனேஜர்தான்.

ஜூலையில் நீ கேட்டபோது போரூருக்குக் கூட்டிப் போ என்று சொல்லியிருந்தால், "அப்ப நீ வேல செய்ற எடத்துல இன்னா கீது?" என்று கேட்டிருப்பாய். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான். வேறு காரணம் எதுவும் இல்லை. பத்து நாள்தானே, பிளாஸ்டிக்கில் ஓடுகிற பிள்ளை பனியிலும் ஓடிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

சான்றையும் கேட்டுக்கொள். அந்த முத்திரை குத்த எனக்கு அதிகாரம் கிடையாது. அந்த இருபத்தைந்து வயதுக்காரன் சாப்பிடப் போன நேரத்தில் மேசை இழுப்பறையைத் திறந்து குத்தினேன். சங்கத்துக்கு நான் உண்மையை எழுதினால் அது முதலில் அவன் கைக்குத்தான் வரும். அன்றைக்கே வெளியே. என் சம்பளத்தை நம்பி நான்கு பேர் சாப்பிடுகிறார்கள்.

இன்னொன்று. இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ மட்டும்தான் ஏமாந்தாய். தமிழ்மொழி ஏமாறவில்லை. முதல் நாள் உள்ளே கால் வைத்ததுமே குனிந்து நகத்தால் கீறிப் பார்த்தாள். "மாமா, இது ஐசே இல்ல. கேரம் போர்டு மாரி கீது" என்றாள். அம்மாவிடம் சொல்லாதே என்றேன். சரி என்றாள். பத்து நாளில் ஒருமுறைகூட அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

எழுதுகிறேன். வேலை போனால் போகட்டும். ஆனால் அவளுக்கு எதுவும் தெரியாது என்று எழுதுகிறேன். நான்தான் ஏமாற்றினேன், பிள்ளை ஐஸ் என்று நம்பிக்கொண்டு ஓடினாள் என்று எழுதினால் அவளை விட்டுவிடுவார்கள். அப்படித்தான் எழுதப் போகிறேன். நீ குறுக்கே வராதே.

செழியன்

*

கரியாலூர்,
8.9.2025

செழியனுக்கு,

உன் கடிதம் ஞாயிற்றுக்கிழமை வந்த மாதிரி ஆயிற்று. சனிக்கிழமை தபால்காரர் மருந்தகத்தில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், நான் மலைக்கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு நாள் வீண்.

தமிழ்மொழியை அடுப்படியில் உட்காரவைத்துக் கேட்டேன். ஒற்றைக் கையால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மொத நாளே தெரியுமா உனுக்கு?"

"தெரியும்."

"அப்பறம் ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணியிருப்ப? அடுத்த பஸ் புடிச்சி வந்து, அங்க கீற அத்தினி பேரு முன்னாடியும் மாமாவ கத்தியிருப்ப. அந்தாளு ஒரு சின்னப் பையன் காலப் புடிச்சி நாடா கட்டிக்கினு இருந்தாரு. அத நா பாத்தேன். நீயும் வந்து பாக்கணுமா?"

"அதுக்காவ உன் கைய ஒடச்சிக்கினியா?"

"ஒடையும்னு தெரியாதும்மா. சமாளிச்சிடலாம்னு நெனச்சேன். நீகூடத்தான் மேனேஜர்னு சொல்லிக்கினு திரிஞ்ச."

அவள் அதைச் சொன்னபோது ஓங்கிய கையை இறக்கிவிட்டேன். கட்டுப் போட்ட பிள்ளை. தவிர, அவள் சொன்னது சரி. சங்கராபுரத்தில் நான் அப்படிச் சொன்னேன். நீ சொல்லாததை நான்தான் சொன்னேன். அந்தப் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். அதனால் உன் பங்கு குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

இப்போது நீ எழுதப் போகிறேன் என்று சொல்கிறாயே, அதைப் பற்றி. அவளுக்கு எதுவும் தெரியாது என்று நீ எழுதக்கூடாது.

நான் பத்தொன்பது வருடமாகக் கிராம சுகாதாரச் செவிலியர். மழையில் ஓடையில் தண்ணீர் வந்து வழி அடைத்துக்கொண்டால், மேல் கிராமத்துக் குழந்தை ஒன்றுக்கு ஊசி போட்டதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டு வீட்டில் படுத்திருக்கலாம். யாரும் மலையேறி வந்து அந்தக் குழந்தையின் தொடையைப் பார்க்கப் போவதில்லை. ஒருமுறைகூட எழுதியதில்லை. தண்ணீர் வடிகிற வரை இந்தக் கரையில் ஊசிப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். ஏன் தெரியுமா? அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த பொய், அதற்கு மேல் ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். உன் விஷயத்தில் அதுதான் நடந்தது. மேனேஜர் என்று தொடங்கி முத்திரை வரைக்கும் வந்து நிற்கிறது. இன்னும் ஒன்றை அதன் தலையில் வைக்கிறேன் என்கிறாய், அதுவும் என் மகளின் பெயரில்.

நாளைக்குச் சங்கத்து ஆள் எவராவது அவளையே கேட்டால்? மாமாவுக்காக அவள் மறுபடியும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? பத்து நாள் மூடிக்கொண்டது போதாதா?

அவள் தனியாக விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் நாளே தெரியும், மாமாவுக்கு அவமானம் வரக்கூடாது என்று சொல்லாமல் இருந்தேன் என்று எழுதியிருக்கிறாள்.  நீ உன் பங்கை எழுது. உன் பங்கை மட்டும். வேலை போகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஜெயசுதா

*

சென்னை,
16.9.2025

அக்கா,

11ஆம் தேதி அனுப்பிவிட்டேன். பதிவுத் தபால். நகல் இதோடு இருக்கிறது. நீ சொன்னபடி என் பங்கை மட்டும் எழுதியிருக்கிறேன். எவ்வளவு தேடினாலும் அதில் உன் மகளுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை கிடைக்காது. உனக்குத் திருப்திதானே?

வேலை நேற்றோடு போயிற்று. சங்கத்திலிருந்து எனக்கு மேலே இருப்பவனுக்குப் போன் வந்திருக்கிறது. எல்லார் முன்னாலும் கூப்பிட்டான். "இன்னா தலைவரே, எங்க ஐச ஐஸ் இல்லன்னு எழுதிக் குட்த்தியாமே. அப்ப ஆறு வருசமா இன்னாத்த பெருக்கின?" என்றான். நின்றவர்கள் சிரித்தார்கள். "பிளாஸ்டிக்க" என்றேன். அப்போதும் சிரித்தார்கள், ஆனால் அவன் சிரிக்கவில்லை. ஐஸ் என்று போட்ட பெயர்ப்பலகை இன்னும் வாசலில் அப்படியேதான் இருக்கிறது. நேற்றும் கூட்டம்.

நான் கோபமாக இருக்கிறேன், அக்கா. உன் மேல்தான். உன் பதிவேட்டில் நீ பொய் எழுதாமல் இருப்பதற்கு அரசாங்கம் உனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறது. எனக்கு அந்தப் பலகையை ஐஸ் என்று சொல்வதற்குத்தான் கொடுத்தார்கள். அதை நீ ஒருநாளும் யோசித்திருக்க மாட்டாய்.

இன்று காலை வேலைக்குப் போகிற மாதிரியே கிளம்பினேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் போரூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஆறு வருடம் ஐஸ் ஸ்கேட்டிங்கில் வேலை செய்தவன் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பனியில் கால் வைத்தேன்.

உனக்குத் தெரிய வேண்டியதை அங்கேயே விசாரித்து எழுதுகிறேன். சிரிக்காமல் எழுதுகிறேன். காலை ஆறு மணிக்குத் திறக்கிறார்கள். எட்டு மணி வரை பத்துப் பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள், பழகுகிற பிள்ளைகள்தான். அதற்குப் பிறகு கூட்டம். ஞாயிற்றுக்கிழமை போகவே கூடாது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கவே இடம் கிடைக்காது. ஐந்தரைக்கு ஒரு வண்டி ஓடி மேல்பரப்பைச் சீவித் தண்ணீர் விட்டு உறையவைக்கிறது, அதனால் முதல் ஒரு மணி நேரம்தான் நல்ல பனி. காலுறை இரண்டு ஜோடி, கையுறை கட்டாயம். வாடகைக் காலணியை அப்படியே வாங்கக்கூடாது. உள்ளேயே ஒருவர் கத்தி தீட்டுகிறார். அவரிடம் கொடுத்து, நகத்தின் மேல் வைத்துச் சுரண்டிப் பார்த்து, நகத்தூள் மாவு மாதிரி வந்தால்தான் வாங்க வேண்டும். கிளாம்பாக்கத்தில் இறங்கினால் பஸ் மாறி ஒன்றரை மணி நேரம். கடற்கரைச் சாலையில் இன்னொரு இடம் இருக்கிறது. அதையும் மதியம் போய்ப் பார்த்தேன். அங்கே பனியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், போட்டோ எடுக்கத்தான் ஆகும், ஓடுவதற்கு இல்லை.

நான்கு முறை விழுந்தேன். எழுந்தபோது கால்சட்டை பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. ஏழு வயதுப் பெண் ஒன்று என்னைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு, "அங்கிள், முட்டிய மடக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. என் முட்டியைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

தமிழ்மொழியிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ எதுவும் சொல்லாதே.

செழியன்

*

கரியாலூர்,
3.10.2025

செழியனுக்கு,

சங்கத்தின் முடிவு செவ்வாய்க்கிழமை வந்தது. ஆறு மாதத் தடை, மார்ச் 31 வரை. தானே முன்வந்து உண்மையைச் சொன்னதால் இரண்டு ஆண்டை ஆறு மாதமாகக் குறைத்திருக்கிறார்களாம். நவம்பர் தேர்வு போயிற்று. அடுத்தது அடுத்த ஆகஸ்டில். அப்போது அவளுக்குப் பதினேழு. அந்தப் பிரிவில் ஓட அவளுக்கு இருப்பது அந்த ஒரே ஒரு வருடம்.

நீ எழுத நினைத்தபடி எழுதியிருந்தால் நவம்பரில் விட்டிருப்பார்களோ என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டிருக்கலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. என் மகளிடமும் சொன்னேன். "தெரியும்மா" என்று மட்டும் சொன்னாள்.  சாயங்காலம் சக்கரக் காலணியை மாட்டிக்கொண்டு கரியாலூர்த் தார்ச்சாலையில் ஓடினாள். கட்டுப் பிரித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. நான் தடுக்கவில்லை. உன் மாமா ஜீப்பைப் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

சங்கத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பிளாஸ்டிக் பலகைக்கு ஐஸ் என்று பெயர் வைத்து விற்கிறவன் மேல் உங்களுக்கு எந்தக் கேள்வியும் இல்லை, வாயைத் திறந்து உண்மை சொன்ன பிள்ளைக்கு ஆறு மாதமா என்று கேட்டிருக்கிறேன். பதில் வராது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கப் படிவமும் வாங்கி வைத்திருக்கிறேன். அதற்குச் சாட்சி வேண்டும். நீதான் சாட்சி. மாட்டேன் என்று எழுதினால் அந்தக் காகிதத்தையும் மனுவோடு சேர்த்து வைப்பேன்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. உனக்கும் என் மேல் தீர்ந்திருக்காது. அரசாங்கச் சம்பளத்தைப் பற்றி நீ எழுதியது என்னைச் சுட்டது.  அதற்கு ஒரு பதிலை இழுத்துக் கட்டி எழுத மாட்டேன்.

நீ போரூரைப் பற்றி எழுதிய பக்கத்தைத் தமிழ்மொழி கேட்டு வாங்கிப் படித்தாள். தனியாகக் கிழித்து எடுத்துக்கொண்டாள். போட்டியில் ஓடத்தான் தடை, டிக்கெட் வாங்கிப் பழகுவதற்கு இல்லை என்று சின்னதுரை சார் சொல்லிவிட்டார். இந்த மாதத்திலிருந்து மாதம் இரண்டு சனிக்கிழமை. முதலாவது வருகிற 11ஆம் தேதி. வெள்ளி இரவு பஸ், விடியற்காலை கிளாம்பாக்கம். அவளைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்றேன். உன்னிடம் விட மாட்டேன் என்றும் சொன்னேன். அதனால் நானும் வருகிறேன்.

அதற்கு அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "நீயும் உள்ள வரக் கூடாது, அந்த மாமாவும் உள்ள வரக் கூடாது. நா வுழுந்தா நானே எய்ந்துக்குவேன். ரெண்டு பேரும் கேட்டாண்ட வெளியவே நில்லுங்க. ரெண்டு மணி நேரம். எனுக்காவ நீங்க ரெண்டு பேரும் பண்ணதெல்லாம் போதும்."

ஆறு மணிக்கு நீ அங்கே இரு. இரண்டு மணி நேரம் நாம் அந்த வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். என்ன பேசுவது என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீ ஏதாவது யோசித்து வை.

ஜெயசுதா